மலையகத்து வியாபாரத்துக்குக் களஞ்சியமும் விநியோகமும்: யாரிடம் ஒப்படைப்பது?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து தேயிலை, மசாலா, ஜேம் என்று ஒன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் பொதி கட்டுவதே முழுநேர வேலையாகிவிடும். களஞ்சியம், பொதியிடல், விநியோகம் மூன்றையும் வெளியே கொடுக்கலாம் என்று தோன்றுவது அப்போதுதான். விலை கேட்கப் போகுமுன் உங்கள் கணக்கு கையில் இருக்கட்டும்: மாதத்துக்கு எத்தனை பொதி, ஒவ்வொன்றின் நிறையும் அளவும், எந்த மாவட்டத்துக்கு எத்தனை, திரும்பி வருபவை எத்தனை. மூன்று மாத பில்களைப் புரட்டினாலே போதும். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு மாதங்களைத் தனியாக எழுதுங்கள்.

தேயிலைக்காரர்கள் ஏமாறும் இடம் கனஅளவு நிறை, அதாவது தராசில் நிறுக்காமல் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் நிறை. நீளம், அகலம், உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கிப் பலர் 5000 ஆல் வகுப்பார்கள். 40×30×25 பெட்டி அப்படி 6 கிலோ ஆகிவிடும். உள்ளே 4 கிலோ தேயிலைதான் இருந்தாலும் பில் 6 கிலோவுக்கு. வகுக்கும் எண் என்ன என்று கேளுங்கள், பிறகு பெட்டியைச் சிறிதாக்குங்கள். சொன்ன விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, வாடிக்கையாளர் வாசல்வரை போவது யார்? கொழும்பு நிறுவனத்தின் பெயர் பில்லில் இருந்தாலும், தலவாக்கலையில் பொதியைக் கொண்டுபோவது உள்ளூரில் கூலிக்குப் பிடித்த ஒருவராக இருக்கலாம். தோட்ட முகவரியில் பெரும்பாலும் வீட்டு இலக்கம் இருக்காது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, லயம், அவ்வளவுதான். டவுனிலிருந்து ஒரு கோல் எடுத்து, எடுக்காவிட்டால் “ஆள் இல்லை” என்று திருப்பி அனுப்பினால், போன கூலியும் வந்த கூலியும் உங்கள் தலையில்தான். ஆகவே எத்தனை தடவை முயல்வார்கள், திரும்பும் பொதிக்கு எவ்வளவு, எந்தத் தோட்டங்களுக்குப் போகமாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பக்கத்தில் இரண்டாவது தொலைபேசி இலக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்.

மழைக்காலக் கேள்வி ஒன்று: கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்தால் நுவரெலியாவுக்கு எந்த வழி? கம்பளை, இறம்பொடை வழியாக என்று உடனே சொல்பவர் பாதை தெரிந்தவர். மேலதிகத் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் அவரிடமே பேசி முடியுங்கள்.

களஞ்சியத்தை நேரில் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் பஞ்சுபோல உறிஞ்சும். பக்கத்து ராக்கையில் சவர்க்காரமோ கருவாடோ மிளகாய்த்தூளோ இருந்தால் உங்கள் சரக்கு கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூலைச் சுவரைக் கையால் தொடுங்கள். பெட்டிகள் தரையில் நேரே இல்லாமல் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். காலாவதி முந்துவது முதலில் வெளியேறுகிறதா? வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, ஏதாவது இரண்டு ராக்கைகளில் திகதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பொதி கொடுக்கும்போது வாங்கும் காசு உங்கள் கணக்குக்கு எத்தனை நாளில் வரும் என்பது கூலியைவிடப் பெரிய விஷயம். பொதிக்கு 20 ரூபாய் குறைத்துவிட்டு மூன்று வாரம் காசைப் பிடித்து வைப்பவரிடம் கொடுத்தால், கொள்முதலுக்கே உங்கள் கையில் காசு இருக்காது. வாரம் ஒரு தடவை, பொதி இலக்கவாரியாகப் பட்டியலோடு வர வேண்டும்.

தொலைந்தால் ஒரு பொதிக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்று பாருங்கள். ஜேம் போத்தல் அனுப்புபவர்கள் உடைவு அதில் சேருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். பலர் கண்ணாடியை ஒதுக்கிவிடுவார்கள்.

முழுச் சரக்கையும் ஒரேயடியாக மாற்றாமல், அதிகம் ஓடும் இரண்டு பொருட்களை ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு முகவரிக்கும் ஒரு தோட்ட முகவரிக்கும் நீங்களே ஓடர் போட்டு, பெட்டி வந்துசேரும் நிலையைப் பாருங்கள். மாதக் கடைசியில் சரக்கை எண்ணி அவர்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்தையே முதலில் வாசியுங்கள். பில் பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்து வைக்கலாம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அது பாக்கித் தொகையின் பெறுமதியளவு சரக்குக்கு மட்டும் என்று மாற்றக் கேளுங்கள். விலகுவதற்கு 30 நாள் முன்னறிவித்தல் போதுமானது. அந்த நாட்களில் சரக்கை ஏற்றிவிடும் கூலி யாருடையது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.