பரணில் கிடக்கும் ஸ்கூபா ரெகுலேட்டர்: சர்வீஸ் செய்யலாமா?

சேலத்து வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே பரணில் கிடந்த ரெகுலேட்டரில் (நீருக்கடியில் மூச்சுவிட, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) முதலில் போவது ரப்பர்தான். வெடித்த ஹோஸை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சென்னைக்கோ பாண்டிக்கோ சர்வீஸுக்கு அனுப்புமுன் வீட்டிலேயே ஒரு சோதனை, சிலிண்டர் வேண்டாம். முதல் நிலையின் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) மூடியை இறுக்கிவிட்டு மவுத்பீஸில் மெல்ல உறிஞ்சுங்கள். காற்று வந்தால் டயாப்ரமிலோ (மூச்சிழுக்கும்போது அசையும் ரப்பர் தகடு) வெளிமூச்சு வால்விலோ ஓட்டை. இவை மாற்றக்கூடியவைதான்.

அடுத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்து ஃபில்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் சிலிண்டர் துரு. சர்வீஸில் பிரித்த பிறகு சீட் (காற்று வழியை அடைக்கும் சிறு திண்டு) உட்காரும் பித்தளை விளிம்பில் குழி தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள், புது சீட் போட்டாலும் கசியும்.

அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய சீட், ரப்பர் வளையங்கள் அடங்கிய தொகுப்பு) கிடைக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சர்வீஸ் முடிந்ததும் இடை அழுத்தம் (முதல் நிலையிலிருந்து ஹோஸுக்குப் போகும் காற்றின் அழுத்தம்), பெரும்பாலான மாடல்களில் 9-10 பார், அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் உயர் அழுத்த சீட் சரியில்லை, திருப்பிக் கொடுங்கள்.