புது வீடுகள் பெருகும் ஊரில் குழாய்க்கும் சாலைக்கும் பணம் திரட்டுவது எப்படி?

உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வேகமாக வளரும் ஊரில் செலவு முந்திக்கொள்ளும், வரவு பிந்தித்தான் வரும். வீடு கட்டி, ஆள் குடியேறி, சொத்து வரி விதித்து அது வசூலாவதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். குழாயில் தண்ணீர் முதல் நாளே வர வேண்டும். அந்த இடைவெளியை யார் தாங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

முதலில் திட்டச் செலவில் பழைய குறைக்கு எவ்வளவு, புது வீடுகளுக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று 10,000 வீடுகளுக்கானது, அதில் 4,000 வீடுகள் ஏற்கெனவே இணைப்பில்லாமல் இருப்பவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செலவில் 40 சதவீதம் பழையவர்களின் பங்கு. மீதியை 6,000-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு புது வீட்டுக்கான மேம்பாட்டுக் கட்டணம். பழைய குறையையும் சேர்த்துப் புதிதாக வருபவர் தலையில் கட்டுவது அநியாயம். வீடு கட்ட அனுமதி கேட்பவர் மீது விதிக்கும் நிபந்தனை, அந்தக் கட்டுமானத்தின் தாக்கத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1994-இல் டோலன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அப்புறம் கடன். தார்ச்சாலையின் மேல்பூச்சுக்கு 30 வருடக் கடன் வாங்காதீர்கள். சாலை பெயர்ந்த பிறகும் தவணை ஓடும். நிலத்தடிக் குழாய்க்கு நீண்ட காலக் கடன் சரி, பின்னால் வருபவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். கலிஃபோர்னியாவில் 1978-இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்ததும் ஊர்கள் திண்டாடின. 1982-இல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டம், புதுக் குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் தனி வரி போட்டு, அதைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட வழி செய்தது. நல்ல வழிதான், மனைகளில் வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கும் வரை.

எழும்பாவிட்டால்? வருடத்துக்கு 800 வீடு வரும் என்று நம்பி நாங்கள் ஒரு கடன் வாங்கினோம். மூன்றாம் வருடம் கட்டுமானம் நின்றுபோனது. தவணை நிற்கவில்லை. ஏற்கெனவே குடியிருந்தவர்களின் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றித்தான் அதைக் கட்டினோம். அந்தக் கட்டண உயர்வைத் தெரிவித்த கடிதங்களில் கையெழுத்துப் போட்டது இன்னும் எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு எந்தத் திட்டம் வந்தாலும், பாதி வீடுகள்தான் வரும் என்று வைத்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் தவணை கட்ட முடிந்தால் கையெழுத்திடலாம். முடியாவிட்டால் சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டு கட்டமாகக் கட்டச் சொல்லுங்கள்.

மேம்பாட்டுக் கட்டணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். அது ஒரு வீட்டிடமிருந்து ஒரே ஒரு முறை வரும் பணம். அதைச் சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் எடுத்துப் பழகிய ஊர், வளர்ச்சி குறைந்த வருடமே பம்பு ஓட்டக் காசில்லாமல் நிற்கும். பராமரிப்புக்கு மாதக் கட்டணமும் ஆண்டு வரியும்தான் சரியான வழி. திட்ட அறிக்கை கைக்கு வந்தால், மொத்தச் செலவைப் பார்ப்பதற்கு முன்னால் ஆண்டுப் பராமரிப்புச் செலவு என்ற குறிப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.