கண்காட்சியில் வாங்கிய நாவல்களை மலைநாட்டு ஈரத்திலிருந்து காப்பது எப்படி?

செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சியிலிருந்து பை நிறைய நாவல்களுடன் ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ திரும்பும் வாசகர்கள், அவற்றைப் பொலித்தீன் உறையோடு அப்படியே அடுக்கிவிடக் கூடாது. ஒக்டோபர், நவம்பர் மழைக்காலத்தின் ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும். மலிவுப் பதிப்பாக வரும் துப்பறியும் கதைகளும் குடும்ப நாவல்களும் பெரும்பாலும் செய்தித்தாள் ரகத் தாளில் அச்சாவதால், அவை ஈரத்தை விரைவில் உறிஞ்சுவதோடு வெயில் பட்டால் மஞ்சளாகவும் மாறும்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, நூல்களை நெருக்கித் திணிக்காமல் காற்றோட இடம்விட்டு நிறுத்துங்கள். லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் சிறு அறையில்) அலுமாரிக்கு இடமில்லாதவர்கள், நன்கு உலர்ந்த நூல்களைத் தகரப் பெட்டியிலிட்டு, அதைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைக்கலாம்.

நனைந்த நூலை அடுப்பங்கரையில் காயவைப்பதை நான் ஏற்கமாட்டேன். புகை படிவதுடன் முதுகுப் பசையும் விட்டுப்போகும். பக்கங்களிடையே வெற்றுத் தாள்களைச் செருகி, அவை ஈரமானதும் மாற்றி, நிழலில் காற்றாட விடுவதே போதுமானது. இரவல் கொடுத்த நூல் திரும்பி வந்தால் (வந்தால்!), தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேருங்கள்.