சப்ளிமெண்ட் ஃபார்முலா எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்து மாத்திரையில் எந்தச் சத்து, எவ்வளவு என்று முடிவு செய்யும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களின் ஃபார்முலா கோப்புகளைப் படித்தால், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக நிற்கின்றன. லேபிளில் நோய் தீரும் என்று எழுதக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உணவுக்கான சான்றை மாத்திரைக்குக் காட்டுவது

இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. அண்மையில் வந்த ஒரு கோப்பில், ஒரே சத்துக்குப் பக்கம் முழுக்க ஆய்வுக்கட்டுரைகள். திறந்து பார்த்தால், எல்லாமே அந்தச் சத்துள்ள காய், பழங்களை நிறையச் சாப்பிடுபவர்களைக் கவனித்து எழுதியவை. மாத்திரை விழுங்கியவர் ஒருவர்கூட இல்லை. எழுதியவரைக் கேட்டால், "சத்து ஒன்றுதானே சார்?" என்றார்.

காய்கறி நிறையச் சாப்பிடுபவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பார், அதிகம் நடப்பார். அவரைக் காத்தது எது என்று கவனிப்பை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

காய், பழங்களில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தின் விஷயத்தில் இப்படித்தான் ஆனது. இரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லின. அப்புறம் ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது: அதை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இப்படிக் கொடுத்துப் பார்க்கும் சோதனையைத்தான் ட்ரையல் என்கிறோம். அமெரிக்க ட்ரையல் ஒன்றில் 30 மில்லிகிராமோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. காக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. வயதாவதால் விழித்திரையின் மையம் சிதையும் நோய்க்கான ஏரெட்ஸ் ஃபார்முலாவில் முதலில் பீட்டா கரோட்டின் இருந்தது. அதற்குப் பதில் லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் வைக்கலாமா என்று இன்னொரு ட்ரையல் நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்ட பிறகே மாற்றினார்கள்.

ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள்: என்ன கொடுத்தார்கள், யாருக்கு, எதனோடு ஒப்பிட்டார்கள். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், அந்தக் கட்டுரை யோசனைக்கு உதவும், சான்றாக நிற்காது.

இரத்த அளவு இறங்கினால் போதும் என்று நினைப்பது

இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் அதிகம் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று கவனித்திருந்தார்கள். ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் அதை இறக்கும். மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த நார்விட் ட்ரையலிலும் (2006) இறங்கியது. ஆனால் மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ வருவது குறையவில்லை.

உப்பின் எடையைச் சத்தின் எடையாக எழுதுவது

உப்பு என்றால் இங்கே சமையல் உப்பு இல்லை, சத்து வேறொன்றோடு சேர்ந்திருக்கும் சேர்மம். மெக்னீசியம் ஆக்சைடில் மெக்னீசியம் சுமார் 60 சதவீதம், சிட்ரேட்டில் சுமார் 16. ட்ரையலில் சொன்னது சேர்மத்தின் எடையா, அதிலுள்ள மெக்னீசியத்தின் எடையா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டோஸைச் சுருக்குவது

ட்ரையலில் கொடுத்த அளவு காப்ஸ்யூலில் அடங்கவில்லையா? குறைத்த அளவுக்கு அந்தச் சான்று பொருந்தாது, அந்தச் சத்தை எடுத்துவிடுங்கள்.

குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைத்த பலனை எல்லோருக்கும் சொல்வது

ட்ரையலில் சேர்ந்தவர்களின் தொடக்க இரத்த அளவு பெரும்பாலும் கட்டுரையின் முதல் அட்டவணையில் இருக்கும், அவர்களுக்குக் குறைபாடு இருந்ததா என்று அதில் தெரியும். சுருக்கத்தைப் படிக்கும் முன் அதைப் பாருங்கள்.