திரையில் இருப்பதை முதலில் வாயால் சொல்லுங்கள்

கருத்தரங்கில் ஒரு படத்தையோ வரைபடத்தையோ காட்டினால், விளக்கத் தொடங்கும் முன் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: “இது பத்தாண்டு மழையளவு, கடைசி மூன்று ஆண்டுகளில் கோடு இறங்குகிறது.” ‘இங்கே பாருங்கள்’ என்று சுட்டுவது, பார்வையற்றவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எதையும் சொல்வதில்லை.

பாலக்காட்டின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கூட்டங்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாள வழியில் படித்ததால் தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறுபவர்கள் அவையில் இருப்பார்கள் என்பதால், காதில் விழும் அந்த ஒரு வாக்கியமே அவர்களுக்குப் போதுமானதாகிறது, இரு மொழிகளிலும் தனித்தனியாகச் ஸ்லைடுகள் தயாரிக்கும் செலவும் பெரும்பாலும் மிச்சமாகிறது. (தமிழே தெரியாத மலையாளிகளுக்கு இது ஈடாகாது.)

நீண்ட அட்டவணைக்கு இம்முறை ஒத்துவராது. எண்களை வரிசையாக ஒப்பித்தால் எவர் மனதிலும் நிற்காது என்பதால், முக்கியமான இரண்டை மட்டும் சொல்லி, மீதியை 18 புள்ளி (பாயிண்ட்) அளவுப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. காது கேளாதவர்களுக்கு இப்படி வாயால் சொல்வதால் பயனில்லை. அவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரோ, முன்கூட்டியே தரப்படும் உரைப் பிரதியோ வேண்டும்.