கரண்ட் போனாலும் கடை போன் அடிக்கணுமா? பேட்டரி வாங்கும் முன் ஒரு விளக்கைப் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் மாட்டிக் கொடுத்தேன். கல்லாவில் ஒன்று, பேக்கிங் செய்கிற இடத்தில் ஒன்று, குடோனில் ஒன்று, மாடியில் கணக்கு எழுதுகிற இடத்தில் ஒன்று, ஆக நாலு போன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை 9 மணிக்குக் கரண்ட் போனதும் நாலும் அணைந்தன. மதியம் 2 மணிக்குக் கரண்ட் வந்தவுடன் முதல் அழைப்பு எனக்குத்தான். "தம்பி, பழைய போனு கரண்ட் இல்லாட்டியும் அடிக்கும்லா? இது என்ன இப்படிப் படுத்துக் கெடக்கு?"

பழைய போன் அடித்ததற்குக் காரணம் உண்டு. செம்புக் கம்பி வழியாக வந்தது பேச்சு மட்டும் அல்ல. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கியிருந்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. போனுக்குச் சோறு போட்டது எக்ஸ்சேஞ்ச். பைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் மட்டும்தான் வரும். அதனால் மோடம், ரௌட்டர், போன் எல்லாவற்றுக்கும் இனி நாம்தான் சோறு போட வேண்டும்.

உடனே போய் ஒரு யுபிஎஸ் வாங்கி மாட்டினேன். அடுத்த பராமரிப்பு நாளில் நாலு போனிலும் விளக்கு எரிந்தது, ஆனால் ஒரு அழைப்பும் வரவில்லை. தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருந்த பெட்டிக்குப் பேட்டரி இல்லை, அவ்வளவுதான். யுபிஎஸ் காசு என் கைக்காசு. அன்றிலிருந்து கீழே உள்ள வரிசையைத்தான் பின்பற்றுகிறேன். யுபிஎஸ் விற்கிற கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

படி 1: செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள்

உங்கள் இன்டர்நெட் போன் சேவையின் பக்கத்தில், போன் தொடர்பில் இல்லாதபோது அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புகிற வசதி இருக்கும். அதில் கல்லாவில் இருப்பவரின் செல் எண்ணைப் போட்டு வையுங்கள். கடை போன்களுக்கு அழைப்பைப் பிரித்துக் கொடுக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி (பிபிஎக்ஸ்) வெளியே கிளவுடில், அதாவது சேவை நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருந்தால் இது வேலை செய்யும். பெட்டி உங்கள் கடைக்குள்ளேயே இருந்தால், அதுவும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதால், இணைப்பு தருகிற நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் பக்கத்தில் திருப்பச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல பேட்டரி வாங்கினாலும் இது இருக்கட்டும்.

படி 2: விளக்கைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பைபர் வந்து சேருகிற வெள்ளைப் பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். பிஓஎன் (PON) என்று எழுதியிருப்பது அசையாமல் பச்சையாக எரிந்தால் எதிர்முனை, அதாவது இணைப்பு தருகிறவரின் பெட்டி, உயிரோடு இருக்கிறது. எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருப்பது சிவப்பாக மினுங்கினால் எதிர்முனையிலிருந்து வெளிச்சமே வரவில்லை.

கடையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை. அப்போது தெருவில் கரண்ட் இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஊரே அணைகிற பராமரிப்பு நாள்தான் நமக்கான பரீட்சை. எந்தத் துணைமின் நிலையத்தில் என்றைக்கு என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும்; நம் பக்கம் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் எல்லாக் கடையிலும் இருக்கும் அல்லவா? அன்றைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதே யுபிஎஸ்ஸில் பைபர் பெட்டியின் அடாப்டரை மட்டும் செருகுங்கள்.

9 மணிக்கே சிவப்பு வந்தால் எதிர்முனையில் பேட்டரி இல்லை. பத்தரை மணிக்குச் சிவப்பு வந்தால், அவர்களுடைய பேட்டரிக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆயுள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை எரிந்தும் இன்டர்நெட் வராவிட்டால் அதற்கும் மேலே எங்கோ ஒரு பெட்டி அணைந்திருக்கிறது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் கடை வரைக்கும் நேராக வருகிற பைபர் என்றால் நடுவில் கரண்ட் தேவைப்படுகிற பெட்டி எதுவும் இருக்காது. வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். உள்ளூர் கேபிள் இணைப்பில்தான் தெருவுக்குத் தெரு சுவிட்ச் பெட்டி வைத்திருப்பார்கள். அந்த மாதிரி இடத்தில் உங்கள் காசை பேட்டரியில் போடுவதைவிட இணைப்பை மாற்றுவதில் போடலாம். அதற்கு வழியில்லையா? படி 1 மட்டும் போதும், இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: எத்தனை வாட், எத்தனை மணி நேரம்

அடாப்டரைத் திருப்பினால் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்பதுபோல அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 18 வாட். அது உச்ச அளவு. நடைமுறையில் அதில் பாதிதான் இழுக்கும். செருகிப் பார்க்கிற வாட் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அண்ணாச்சி கடையில் பைபர் பெட்டி 10 வாட். போன்களுக்கு லேன் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புகிற பிஓஇ சுவிட்சும் நாலு போனும் சேர்த்து 20 வாட். மொத்தம் 30. இந்த பிஓஇ சுவிட்ச் இருந்ததால்தான் வேலை சுலபமானது. அது இல்லாமல் ஒவ்வொரு மேசையிலும் போனுக்குத் தனி அடாப்டர் இருந்தால், ஒவ்வொரு மேசைக்கும் பேட்டரி வயர் இழுக்க வேண்டிவரும்.

30 வாட், 5 மணி நேரம் என்றால் 150 வாட்-மணி. ஆனால் பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றுகிற வேலைக்கே யுபிஎஸ் பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும். ஆகவே 42 வாட் என்று வையுங்கள். 5 மணி நேரத்துக்கு 210. ஈய பேட்டரியை முழுக்க வடித்தால் சீக்கிரம் செத்துப்போகும், அறுபது சதவீதம் வரைதான் எடுக்கலாம். அப்படியானால் 350 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 30 ஏஹெச் (ஆம்பியர்-மணி).

கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 7 ஏஹெச் பேட்டரி. நம் கணக்குக்கு அது ஒரு மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஓடும், பராமரிப்பு நாளுக்குக் காணாது. அதைத் திறந்து உள்ளே கார் பேட்டரியைக் கோர்த்துவிடுகிற கைவேலைக்காரர்கள் நம் ஊரில் உண்டு. வேண்டாம். உள்ளே இருக்கிற சார்ஜர் அவ்வளவு பெரிய பேட்டரியை நிரப்புகிற அளவுக்கு இல்லை. டிரான்ஸ்பார்மரும் மணிக்கணக்காக ஓடுவதற்குச் செய்ததல்ல, சூடேறிக் கருகும்.

படி 4: எதை வாங்குவது

ஒரு ஆள் கடையா? செல்போனில் ஆப் போட்டு அதில்தான் கடை அழைப்பை எடுக்கிறீர்களா? அப்படியென்றால் செல்லுக்கு அதன் பேட்டரியே இருக்கிறது, பைபர் பெட்டிக்கு மட்டும் மினி யுபிஎஸ் போதும். 12 வோல்ட்டை 12 வோல்ட்டாகவே கொடுப்பதால் வீணாவது குறைவு, இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ஆனால் டப்பாவில் பெரிய எழுத்தில் 8000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பேட்டரி செல்லின் கணக்கு. 8 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 30 வாட்-மணிகூட வராது. 10 வாட் பெட்டிக்கு இரண்டரை மணி நேரம் ஓடினால் பெரிது. அப்புறம், சில ரௌட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. அதில் 12 வோல்ட் பின்னைச் செருகினால் ரௌட்டர் போய்விடலாம், அடாப்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடையில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரிக்கு நம் 30 வாட் ஒரு பொருட்டே இல்லை. பழைய சீலிங் பேன் ஒன்றே 75 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் லைனில் ஓடுகிற ஒரு பேனை, குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி பேனாக மாற்றினாலே மிச்சமாகிற கரண்டில் நாலு போனும் ஓடிவிடும். அண்ணாச்சி கடையில் கடைசியில் செய்தது இதைத்தான்.

ஆனால் இன்வெர்ட்டரில் ஒரு சிக்கல். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பைபர் பெட்டி அணைந்து மறுபடி கிளம்பலாம். கிளம்பி, வெளிச்சத்தைப் பிடித்து, போன்கள் சேவையில் திரும்பப் பதிவாக மூன்று நாலு நிமிடம் ஆகிவிடும். தென்காசி, பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் கரண்ட் நிமிடத்துக்கு ஒரு தரம் வெட்டி வெட்டி வரும். போன் நாள் முழுக்கப் பதிவாகிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் காற்றாலை சுற்றுகிற ஊரில் இந்தக் கூத்து. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். அப்படியும் அணைந்தால் இன்வெர்ட்டர் பிளக்குக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் சின்ன லைன்-இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று வையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதையும் அது சமாளிக்கும். இன்வெர்ட்டர், லைன் கரண்ட் போலவே சீரான அலை தருகிற சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் சில யுபிஎஸ்கள் அதைக் கரண்ட் என்றே ஒப்புக்கொள்ளாமல் தன் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும்.

இன்வெர்ட்டரே இல்லாத கடை என்றால், மணிக்கணக்கில் ஓட வேண்டும், நாலு போன் இருக்கிறது என்கிற நிலையில், இரண்டாவது யுபிஎஸ்ஸைப் பார்க்காமல் நேராக சைன் வேவ் இன்வெர்ட்டரே போடுங்கள். லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் எடுக்கலாம், தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை. கையில் காசு இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

படி 5: எங்கே வைப்பது

தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் புகுந்தது. மேசைக்கு அடியில் வைத்த பேட்டரி அந்த மாதிரி நாளில்தான் தேவைப்படும், அன்றைக்குத்தான் அது தண்ணீருக்குள் கிடக்கும். இடுப்பு உயரத்துக்கு மேல் கனமான ஸ்டாண்ட் அடித்து வையுங்கள்.

அதற்காகத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் தூக்கிப் போடவும் கூடாது. ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் பரண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றோட்டமும் வேண்டும், சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இல்லை.

ஐப்பசி இடிக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: வேறு யாரும் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

காலியாக ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தால் கடைப் பையன் செல் சார்ஜரைச் செருகுவான், அதனால் ஒன்றும் ஆகாது. லேசர் பிரிண்டரைச் செருகினால்தான் ஆபத்து. அது சூடேறும்போது பல நூறு வாட் ஒரே இழுப்பாக இழுக்கும், சின்ன யுபிஎஸ் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். அண்ணாச்சி கடையில் அந்த பிளக் மேல் சிவப்பு டேப் ஒட்டி, "போன் மட்டும்" என்று மார்க்கரில் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த பராமரிப்பு நாள் பதினொரு மணிக்கு அவர் கடை எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன். மூன்றாவது மணியில் எடுத்து, "அப்பளம் எத்தனை கட்டு வேணும்?" என்றார்.