கிவ் அப்பா, கிவ் இன்னா? ஃபிரேசல் வெர்ப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிவ், கெட், புட், லுக், டேக் எல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். அவற்றின் பின்னால் அப், ஆஃப், இன், அவுட் என்று ஒரு துண்டுச் சொல் வந்து ஒட்டிக்கொண்டதும், டிகிரி முடித்தவரும் தடுமாறிவிடுகிறார். இந்தச் சேர்க்கைக்குத்தான் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். சென்னையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சாயங்காலங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டென்ஸ் சரியாக எழுதுகிறவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் படிக்கிற முறையில்தான் கோளாறு.

முதல் தவறு, சொல்லைப் பிரித்துப் பொருள் தேடுவது. கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. அதற்காக கிவ் அப் என்பது மேலே கொடுப்பதாகிவிடுமா? அது கைவிடுவது. இந்த வித்தை நமக்கு ஒன்றும் புதிதில்லை. ‘மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்’ என்று ஒருவர் புலம்பினால், எதைப் போட்டான், எதைக் கொடுத்தான் என்று நாம் கேட்பதில்லை. ‘விட்டுக்கொடு’, ‘கண்டுபிடி’ எல்லாமே அப்படித்தான். முழுச் சொல்லாகவே காதில் விழுந்து, முழுச் சொல்லாகவே மனதில் தங்கியவை. கிவ் இன் என்பதையும் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: பிடிவாதத்தை விட்டு இறங்கி வருவது. கிவ் அவே என்றால் சும்மா கொடுத்துவிடுவது. சில இடங்களில் ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது.

அடுத்தது பட்டியல் மனப்பாடம். கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை என்று ஒரே வினையில் தொடங்குவதையெல்லாம் ஒரே மூச்சில் உருப்போட்டால், பரீட்சை முடிந்த கையோடு ஒன்றோடொன்று கலந்துவிடும். வினையை வைத்து அடுக்காமல், சந்தர்ப்பத்தை வைத்து அடுக்குங்கள். சென்னையில் ஒரு மழை நாளை எடுத்துக்கொள்ளலாம். கரண்ட் போய் விளக்கெல்லாம் அணைகிறது: த லைட்ஸ் வென்ட் அவுட். வாட்டர் கேன் தீர்ந்துபோகிறது: வீ ரேன் அவுட் ஆஃப் வாட்டர். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிடுகிறது: த பைக் ப்ரோக் டவுன். மழை கொஞ்சம் விடுகிறது: த ரெயின் லெட் அப். இதே மழையில் புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் விளங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளி அரையாண்டுத் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்களே, அது புட் ஆஃப். தேர்வு இல்லாமல் போகவில்லை, தேதிதான் மாறியது. சேப்பாக்கத்தில் மழை விடாமல் பெய்து ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டத்தையே ரத்து செய்தால் அது கால் ஆஃப். ‘எக்ஸாம் கால்ட் ஆஃப்’ என்று தவறாக எழுதி அனுப்பிவிட்டால், எதிரில் இருப்பவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

மூன்றாவது, இட், ஹிம், தெம் போன்ற சொற்களை எங்கே வைப்பது என்ற குழப்பம். ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. ஃபேன் என்பதற்குப் பதில் இட் வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பு. ஆனால் எல்லா ஃபிரேசல் வெர்பையும் இப்படிப் பிரிக்க முடியாது. பாட்டியைக் கவனித்துக்கொள்கிறேன் என்பதற்கு ‘ஐ லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றுதான் வரும், ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ வராது. எது பிரியும், எது பிரியாது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியில் ஒரு வினையைத் தேடிப் பாருங்கள். பதிவின் கடைசியில் அதன் ஃபிரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். நடுவில் இரு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருந்தால் அது பிரியும், பிரியாமலும் வரும். இல்லாவிட்டால் அகராதி காட்டுகிற இடத்தில் மட்டுமே ஃபேன், ஹெர் போன்ற சொல் வரும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி பெரிய நூலகத்துக்குப் போனால் கையில் எடுத்தே பார்க்கலாம். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

தேவையில்லாத துண்டை ஒட்டவைப்பது நான்காவது. ‘டிஸ்கஸ் அபவுட்’ நம் ஊர் மீட்டிங்குகளில் கேட்காத நாளில்லை. அதைப் பற்றிப் பேசுவோம் என்று தமிழில் நினைப்பதால் அந்தப் ‘பற்றி’ அபவுட்டாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. டாக் அபவுட் சரி. டிஸ்கஸ் என்று வந்தால் அபவுட் வேண்டாம். ‘கோப் அப் வித்’ இன்னொன்று. கீப் அப் வித், புட் அப் வித் இரண்டும் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதிலும் அப் நுழைந்துவிட்டது. கோப் வித் மட்டும் போதும். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் பேக் மிகை. மெயிலில் பலர் எழுதும் ‘ஐ வில் ரிவர்ட் பேக்’ வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகலாம். ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ எழுதினால் உலகம் முழுக்கப் புரியும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஐந்தாவதைப் பற்றித்தான்: நம் நாட்டில் மட்டும் ஓடுகிற பொருள்கள். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் வீடியோ காலில் இன்டர்வியூ. எதிரில் அமெரிக்கர். பையன் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’ என்கிறான். அவர் காதில் விழுவது, 2022-இல் மயங்கி விழுந்தேன். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ என்று சொன்னால் பிரச்சினையே இல்லை. இந்தப் பொருள் வானத்திலிருந்து குதித்ததல்ல. பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு இதே சொல்தான். நம் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் பாஸிங் அவுட் பரேட்தான். அங்கே அது முழுக்கச் சரி, காலேஜுக்குத்தான் பொருந்தாது. ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற பொருளில் கேட்பதும் இந்த ரகம். ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்று கேளுங்கள்.

பஸ்ஸில் ‘கெட் டவுன்’ என்பதும் உள்ளூர் வழக்குதான். பஸ், ரயில், விமானம், பைக் இவற்றுக்கு கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோவுக்கு கெட் இன், கெட் அவுட். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கும், கால் போட்டு உட்காரும் வண்டிக்கும் ஆன். குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு இன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஃபிரேசல் வெர்புக்கு ஒரே பொருள்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புவதும் டேக் ஆஃப், வாசலில் செருப்பைக் கழற்றுவதும் டேக் ஆஃப், புதிதாகத் தொடங்கிய கடை சூடு பிடிப்பதும் டேக் ஆஃப். புதுப் பொருள் கண்ணில் படும்போதெல்லாம், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதிவையுங்கள்.

எழுதும்போது இடைவெளியையும் பாருங்கள். லாக் இன், செட் அப், பிரேக் டவுன் வினையாக வரும்போது இரண்டு சொல். பெயர்ச்சொல்லாக வரும்போது சேர்த்து ஒரே சொல். பேசும்போது, பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முன்பாதியில் விழும். மெயிலின் கடைசி வரிக்கும் ஒரு எச்சரிக்கை: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ தப்பு, ‘டு மீட்டிங் யூ’ என்று வர வேண்டும். அந்த டு அடுத்து வரும் வினையோடு சேர்ந்ததல்ல, லுக் ஃபார்வர்டோடு சேர்ந்தது. அதனால்தான் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பதும் சரியாக நிற்கிறது.